உம்மணாமூஞ்சித் திட்டு

மார்ச் 3

முதுநிலை அளவையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடலளவைத் துறைத் தலைமை அலுவலகத்தின் உள்வலைப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். அலுவலக விஷயம் என்றால் உள்வலைக் கணினியிலேயே அனுப்பலாமே, எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். இது பாதி அலுவலக விஷயம், பாதி வீட்டு விஷயம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் உள்ள இணைப்பு தையல் நூல் கனம்தான் இருக்கிறது. அதில் சொந்தச் செய்தி எதுவும் போகக் கூடாது என்று விதி எழுதியவளே நான். என் விதியை நானே மீறினால் நன்றாக இருக்காது. ஆகையால் உங்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டு வருகிற படகின் தபால் பையில் இது வருகிறது.

நேற்றுக் காலைக் கூட்டத்தில் வழக்கம்போல் உள்வலையின் கடல் பக்கத்தைத் திரையில் போட்டோம். நம் கடல் முழுவதும் அதில் இருக்கிறது. மேற்கே ஆறுகள் வந்து கொட்டும் சேற்றுக் கரை, வடக்கே ஆழம் குறைந்த படுகை, தெற்கே திடீரென்று இறங்கும் பள்ளம், கிழக்கே வெளிக்கடலுக்குப் போகிற குறுகலான வாய். அந்தக் கிழக்கு வாய்க்குப் பக்கத்தில், அதற்கு முந்தின நாள் வரை ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு சிவப்பு வட்டம்: நீருக்கடியில் மேடு. இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, செய்தி வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார்: "கப்பல்கள் கவனிக்கவும். உம்மணாமூஞ்சித் திட்டு. ஆழம் எட்டு மீட்டர்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டு வருகிற பைலட் ஒருவர் கிழக்குக் கிளையிலிருந்து பேசினார். "அப்ப உம்மணாமூஞ்சிக்குத் தெக்கால ஒதுங்கிப் போகச் சொல்லிடட்டுமா சார்?" என்றார். "ஆமா, கிட்டவே போக வேணாம்" என்றார் இயக்குநர். உம்மணாமூஞ்சி யார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பெடுத்தாள்.

இன்னொன்று. நீங்கள் மேலும் இரண்டு மாதம் கடலிலேயே இருக்கப் போகிறீர்கள் என்பதும் எனக்கு உள்வலையில்தான் தெரிந்தது. 'பணி நீட்டிப்பு: விருப்பம் தெரிவித்தோர்' என்ற பக்கத்தை நடத்துகிறவள் நான். முதல் பெயர் உங்களுடையது. பக்கத்து மேஜைக்காரி "உங்க வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு மாசம் வர மாட்டாராமே?" என்று கேட்டபோது, எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தான் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதே காதில் விழுகிறது.

திட்டின் பெயருக்கு விளக்கம் தரவும். உடனே மாற்றவும்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், உள்வலைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.


மார்ச் 13

பொறுப்பாளர் அம்மணிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அலுவலக முத்திரை ஒன்றுதான் குறை. அதையும் குத்தியிருந்தால் நான் எழுந்து நின்றே படித்திருப்பேன்.

விளக்கம் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். கிழக்கு வாய்க்கு உள்பக்கமாகக் கடலைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் வேலை வீடு பெருக்குவது போலத்தான் என்று உனக்குத் தெரியும். ஒலியை அடிக்கு அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழம் பார்க்க வேண்டும், ஒரு மூலை விடாமல் போய்ப் போய் வர வேண்டும். பழைய வரைபடம் அந்த இடத்தில் நாற்பது மீட்டர் என்கிறது. நாங்களும் நாற்பது, முப்பத்தெட்டு என்று பார்த்துக்கொண்டே வந்தோம். சட்டென்று இருபது. அப்புறம் பன்னிரண்டு, எட்டு. கேப்டன் போட்ட கத்தலில் சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். எப்படியோ கப்பலைத் திருப்பினோம். சரக்கேற்றிய பெரிய கப்பல் அந்த வழியில் வந்திருந்தால் அடி கிழிந்திருக்கும். இத்தனை வருஷம் யாரும் இடிக்காமல் போனது அதிர்ஷ்டம்தான்.

உடனே உள்வலையில் ஏற்றினால்தான் எல்லாக் கிளைகளுக்கும் தெரியும். ஏற்றப் போனால், 'பெயர் இல்லாமல் சேமிக்க இயலாது' என்று உன் பக்கம் என்னைத் திருப்பி அனுப்புகிறது. வெறும் கோடு போட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை. 'பெயரில்லை' என்று அடித்தேன். 'இந்தப் பெயர் ஏற்கனவே உள்ளது' என்கிறது! எந்தப் புண்ணியவான் எனக்கு முன்னால் போட்டானோ தெரியவில்லை. கேப்டன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஏத்தியாச்சா? ஏத்தியாச்சாய்யா?" என்று பிடுங்கியெடுக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர் பளபளவென்று இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் லேசாகச் சுருங்கி, ஒன்றும் சொல்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கை தானாக அடித்துவிட்டது. வகை என்ற கட்டத்தில் 'திட்டு' என்று நீயே போட்டு வைத்திருக்கிறாய். இரண்டும் சேர்ந்து திரையில் வந்து நின்றபோதுதான் நானே முழுசாகப் படித்தேன். திட்டு கடலில் ஒரு வகை, வீட்டில் ஒரு வகை. எனக்கு இரண்டிலும் அனுபவம் உண்டு.

நம் ஆட்கள் மட்டும்தானே பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இயக்குநர் தொண்டையைச் செருமுவார் என்று எனக்கென்ன தெரியும்?

பணி நீட்டிப்பு விஷயம். நான் விருப்பம் சொன்ன அன்றுதான் கடைசி நாள். கப்பலிலிருந்து உன்னோடு பேச வழியில்லை. கிழக்கு வாயைப் பாதியில் விட்டுவிட்டு வர மனசில்லை. எப்படியும் நீ சரி என்றுதான் சொல்வாய் என்று நினைத்தேன். இதற்குப் போய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்களா? அத்தானின் குறட்டையில் உனக்குத் தூக்கம் வராதே. அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்.


மார்ச் 22

கப்பல்காரருக்கு,

அன்றுதான் கடைசி நாளா? பதினைந்து நாள் அந்தப் பக்கம் திறந்திருந்தது. திறந்து வைத்தவளிடமே இந்தக் கதையா? அதற்கு நடுவில் இரண்டு முறை படகு வந்து போயிற்று. ஒன்றில் உங்கள் கடிதமும் வந்தது. ஷேவிங் பிளேடு அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள்.

எப்படியும் நான் சரி என்றுதான் சொல்வேன் என்கிறீர்கள். உண்மைதான், சொல்லியிருப்பேன். கடல்காரரைத் தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். நீங்கள் போவதில் எனக்குக் கோபம் கிடையாது. என் பதிலையும் சேர்த்து நீங்களே எழுதிக்கொண்டீர்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தச் சரியை என் வாயால் சொல்லியிருந்தால், பக்கத்து மேஜைக்காரி கேட்டபோது நான் பொய்யாகத் தலையாட்டியிருக்க வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நானே இறங்கினேன். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் உம்மணாமூஞ்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி மாற்றினேன், மறுபடி வந்தாள். காரணம் பிறகுதான் உறைத்தது. கடலில் கண்ட ஆபத்தைக் கரையில் இருக்கிற எவரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். கப்பலில் உள்ள பிரதிதான் மூலம். இங்கே நாங்கள் எதை மாற்றினாலும், கப்பல் அடுத்த முறை தொடர்பு கொள்ளும்போது தன்னிடம் உள்ளதை எல்லாக் கிளைகளுக்கும் திரும்ப எழுதிவிடும். கண்டுபிடித்தவர் தன் கையால் அங்கே மாற்றினால்தான் இங்கே மாறும். நான் செய்த ஏற்பாட்டில் நானே வசமாக மாட்டிக்கொண்டேன்.

இதற்கிடையில் அந்தக் கிழக்குத் துறைமுக பைலட் ஏதோ வேலையாகத் தலைமை அலுவலகம் வந்தவர், நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். "மேடம், அந்தப் பேரை மட்டும் மாத்திடாதீங்க. நம்பர் குடுத்தா ஒருத்தனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். இது அச்சு அசலாப் பொருந்துது. தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. கிட்டப் போனாத்தான் தெரியும், அடியில எவ்வளவு இருக்குன்னு" என்றார். நான் "உம்" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது முக்கியமான விஷயம். மருத்துவமனைகள் நடத்துகிற நிறுவனம் ஒன்று தன் உள்வலையைக் கட்டித் தர ஆள் தேடுகிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஊர். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் நம் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் கடலில், நான் அங்கே. பிறகு நமக்கு ஒரு வீடு என்று சொல்லிக்கொள்வதே வெறும் பேச்சாகிவிடும். எனக்குப் பாதி மனசு போ என்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

யாரையும் கேட்காமல் நானும் 'விருப்பம் உண்டு' என்று குறி போட்டிருக்கலாம். போடவில்லை. முடிவு செய்வதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்கிறேன். இப்படித்தான் சொல்வது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டு மாடியிலிருந்து,
நான்.


ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

ஷேவிங் பிளேடு கேட்டவன் உன்னைக் கேட்கவில்லை, தப்புதான். பிளேடும் வரவில்லை. தாடி வளர்ந்து கேப்டன் என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சமையல்காரர் மட்டும் இன்று சாப்பாட்டு மேஜையில், "ஏன் சார், அந்தத் திட்டுக்குப் பேரு வச்சீங்களே, அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை, அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். "கோவமா இருக்காங்க" என்றேன். "பின்ன, இருக்க மாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுத் திட்டின் தெற்கு ஓரத்தை முடித்தோம். வெளிக்கடலிலிருந்து வாய் வழியாக உள்ளே வரும் நீரோட்டம் வெதுவெதுப்பாக இருக்கிறது. தெற்குப் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வருவது சில்லென்று இருக்கிறது. இரண்டும் இந்தத் திட்டின் மேல்தான் சந்திக்கின்றன. அங்கே ஒரு நுரைக் கோடு நீளமாக ஓடுகிறது, மீனெல்லாம் அங்கேதான் கூடுகிறது, மீனுக்காகப் பறவைகள். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இதே இடத்தில் இதே பறவைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து உனக்குக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? கீழே ஏதோ இருக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். பிறகு, அதுவும் உன் பதிலை நானே எழுதுகிற மாதிரிதானே என்று தோன்றித் தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் கேள்விகள் மட்டும் எழுதுகிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதே.

காலையில் மூன்றாவது டீ குடிக்கலாமா? டாக்டர் இரண்டுதான் என்றார். சமையல்காரர் டாக்டரை விட நன்றாகப் பேசுகிறார்.

தாடி இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?

திட்டின் பெயரை மாற்றட்டுமா? ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல் தயாராக இருக்கிறது. நீ சொல்கிற வரைக்கும் அழுத்த மாட்டேன்.

அந்த மருத்துவமனை ஊரில் கடல் இருக்கிறதா? கடல் இல்லையென்றால் ஆறு? குறைந்தபட்சம் ஒரு ஏரி? அளக்கிறவனுக்கு ஏதாவது கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பிழைத்துக்கொள்வான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது கேள்வி இல்லை. எட்டு மீட்டர் என்று திரை காட்டியபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. படகை விட்டு இறங்கி, தெரு முனை திரும்பி, நம் வீட்டு ஜன்னல் மூடிக் கிடப்பதைப் பார்க்கப் போகிறேனோ என்றுதான் பயம். இதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதுதான் கேட்கப் பழகுகிற,
உன் சாமியார்.


ஏப்ரல் 12

என் அன்புக்குரியவருக்கு,

நேற்று வந்த படகில்தான் உங்கள் கடிதம் கிடைத்தது. ஆனால் உங்கள் பதில் அதற்கு முன்னாலேயே உள்வலையில் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று கேளுங்கள், இங்கே நீங்கள் கிளப்பிவிட்டது உங்களுக்கே தெரியாது.

திட்டின் வடக்குப் பக்கத்தை முடிக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, போன வாரம் புது நீட்டிப்புப் பக்கத்தை ஏற்றினேன். அதே இரண்டு கட்டம்: விருப்பம் உண்டு, விருப்பம் இல்லை. முதலில் யார் குறி போடப் போகிறார் என்று தெரிந்ததுதானே, அந்த வயிற்றெரிச்சலை எதற்குப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பக்கத்து மேஜைக்காரி என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். "உங்க வீட்டுக்காரர் ரெண்டு கட்டத்தையும் விட்டுட்டாரு. குறிப்புல என்ன எழுதியிருக்காரு பாருங்க!"

'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.'

எல்லாக் கிளைகளிலும் எல்லாக் கப்பல்களிலும் அத்தனை பேரும் பார்க்கிற பக்கம். இரண்டு முறை, மூன்று முறை படித்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் அதையும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்துவிட்டு, "இது என்ன பதில்? உண்டா, இல்லையா?" என்றார். கிழக்குத் துறைமுகத்திலிருந்து பைலட்டின் குரல் வந்தது. "சரியான பதில்தான் சார். நான் அப்படிக் கேக்காம விட்டு, இன்னிக்கு வரைக்கும் வீட்டுல வாங்கிக் கட்டிக்கிறேன்." அறையே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலத்துக்குள் மற்றக் கப்பல்களிலிருந்தும் அதே வரி வரத் தொடங்கிவிட்டது. ஒருவர் 'வீட்டில் கேட்டால் திட்டு விழும், இருந்தாலும் கேட்கிறேன்' என்று போட்டிருந்தார். கடைசியில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "மூணாவதா ஒரு கட்டம் போட்டுடும்மா" என்றார். போட்டுவிட்டேன். அதற்கு உங்கள் வரியையே வைத்தேன். அதை அடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. சர்வர் அறையின் குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை, ஆனால் கைக்குட்டை கொடுத்தாள்.

இனி உங்கள் கேள்விகள். டீ இரண்டுதான். சமையல்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தாடியை நேரில் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். பிளேடு இந்தப் பையிலேயே வருகிறது, பத்திரமாக வையுங்கள், பிரிக்க வேண்டாம்.

அந்த ஊரில் கடல் இல்லை. ஆறும் இல்லை. ஏரி ஒன்று இருக்கிறது. காலால் மிதிக்கிற படகு விடுகிறார்களாம். ஆழம் உங்கள் இடுப்பளவு. அதை அளந்து முடிக்க ஒரு காலைப்பொழுது போதும், அதற்குப் பிறகு நீங்கள் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை எடுப்பீர்கள். ஆனாலும் கேட்டீர்களே. அந்தக் கேள்வியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தான் முதல் முறையாக வாயைத் திறந்து, "பரவால்லையே" என்றார்.

அந்த நிறுவனத்துக்கு நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஜூன் முதல் வாரம் வரை அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் எழுதினேன், உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நீங்கள் வந்ததும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசலாம். வேண்டாம் என்று ஆகலாம், வேண்டும் என்றும் ஆகலாம். எனக்கு இன்னும் பாதி மனசு அங்கே இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. மற்றப் பாதியோடு அதையும் சேர்த்து மேஜையில் வைக்கிறேன்.

நீட்டிப்பு விஷயம். வீட்டில் கேட்டீர்கள், வீடு சரி என்கிறது. அந்தத் திட்டை அரைகுறையாக விட்டுவிட்டு நீங்கள் வந்தால் எனக்கே தூக்கம் வராது. ஒரு மாதம்தான். அதற்கு மேல் போவதென்றால் மறுபடி கேட்க வேண்டும்.

நேற்று நம் வீட்டைத் திறந்தேன். "சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்புடி, உன்னைப் பாத்துப் பாத்து என் மூஞ்சியும் உம்முன்னு ஆயிடுச்சு" என்று அக்காவே துரத்திவிட்டாள். ஒரே தூசி. பால்கனிக் கதவு இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது, அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. தெருப் பக்கத்து ஜன்னலை மட்டும் தள்ளித் தள்ளித் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க உங்கள் பழைய ஷூ ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வந்து தெரு முனை திரும்புகிற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்.

கடைசியாகத் திட்டின் பெயர். பெயர் சூட்டும் குழு கூடிப் பேசியது. வெளியே அச்சாகிப் போகிற வரைபடத்தில் அதற்கு ஓர் எண் மட்டும் இருக்கும். உள்வலையில் பழைய பெயரே இருக்கலாமாம், பைலட்டுகள் எல்லாரும் பிடித்த பிடியில் நின்றுவிட்டார்கள். எந்த வீட்டிலும் அப்படித்தானே, வெளியில் கூப்பிட ஒரு பெயர், உள்ளே கூப்பிட ஒரு பெயர். மாற்றட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். அது இருக்கட்டும்.

உங்கள்
உம்மணாமூஞ்சி.